வெள்ளிமலைக் காடும் சர்க்கார் கணக்கும்

மரம் நடுவது நல்ல காரியம் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 'பசுமைத் தமிழ்நாடு இயக்கம்' என்ற பெயருடன் ஒரு பெரிய திட்டத்தை ஆரம்பித்தார்கள். நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 24 பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் மரப் போர்வையை 33 பங்காக உயர்த்துவது அதன் நோக்கம். அது முதல் மந்திரிமாரும் கலெக்டர்களும் கன்று நடும் படங்கள் பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. நமது பத்திரிகையும் அதற்கு விலக்கல்ல. இவையெல்லாம் சரியே. ஆனால், நட்ட கன்றுகளை இவ்வளவு சிரத்தையுடன் எண்ணுகிற சர்க்கார், எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல், பல தலைமுறைகளாகத் தாமே நிற்கும் மரங்களை எண்ணியிருக்கிறார்களா? கள்ளக்குறிச்சி ஜில்லாவில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள காடுகளை நினைக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுகிறவர்கள் முதலில் காண்பது, கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் வறண்ட காடு. மேலே ஏற ஏற மரவள்ளித் தோட்டங்களும் சாமை, தினைக் கொல்லைகளும் தென்படும். பிறகுதான் கல்வராயன்மலைத் தாலுகாவின் தலைமை ஊராகிய வெள்ளிமலை. உல்லாசப் பிரயாணமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்த்துவிட்டு, "இங்கே காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள். காடு இருக்கிறது. ஓடைகளின் மடிப்புகளிலும், கோடாலியும் தீயும் எளிதில் எட்டாத சரிவுகளிலும், ஈரம் காயாமல், இலை முழுவதும் உதிராமல், துண்டு துண்டாக அது எஞ்சி நிற்கிறது. புதுச்சேரி சர்வகலாசாலையைச் சேர்ந்த தாவர சாஸ்திரிகள் கல்வராயனில் உள்ள இத்தகைய காட்டை மரம் மரமாகக் கணக்கெடுத்து 1999-இல் பிரசுரித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் கல்வராயன் மலைகளில் இப்படிப்பட்ட காடு ஒரு சிறு பகுதியே. அந்தச் சிறு பகுதியைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். 'முதுகாடு' என்று சொல்லலாம் என்றால், பழந்தமிழர் அந்தச் சொல்லைப் பிணம் இடும் இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் 'மூத்த காடு' என்றே இங்கு வழங்குவோம். மூத்த காடு என்பது வெறும் பெரிய மரங்களின் கூட்டம் அல்ல. அதில் கிழ மரம் இருக்கும். அதன் நிழலில் காத்து நிற்கும் நடுவயது மரம் இருக்கும். நின்றபடியே பட்டுப்போன மரம் இருக்கும். விழுந்து மக்கும் மரம் இருக்கும். அதன்மேல் முளைத்த கன்றும் இருக்கும். ஒரே வருஷத்தில் ஒரே வரிசையில் நட்ட தோப்பில் இவற்றில் ஒன்றும் இராது.

பட்ட மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வீண் பொருள் என்று கருதி வெட்டி அப்புறப்படுத்துவது நம்மவர்களின் வழக்கம். உண்மையில், காட்டுப் பிராணிகளில் பலவற்றுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அந்த மரந்தான். ஒரு பெரிய கிளை புயலில் ஒடிகிறது. ஒடிந்த இடத்தில் காளான் புகுந்து வைரத்தை மெதுவாக அரிக்கிறது. இளகிய மரத்தை மரங்கொத்தி துளைக்கிறது. அது விட்டுச் சென்ற துளையில் கிளியும் மைனாவும் சிற்றாந்தையும் குடியேறுகின்றன. துளை பெருத்துப் பொந்தானபின் பெரிய ஆந்தையும், பகலெல்லாம் உறங்கும் மரநாயும், வௌவாலும், உடும்பும் வருகின்றன. அடுக்கடுக்காக அடை வைக்கும் சிறிய தேனீயும் அங்கேதான் வருகிறது. மலைஜனங்கள் எடுக்கும் பொந்துத் தேன் இப்படிக் கிடைப்பதே. ஒரு நல்ல பொந்து உண்டாக அநேக வருஷங்கள் பிடிக்கும். அதற்கு இடங்கொடுக்கும் அளவுக்கு மரம் பருக்க அதற்கு முன்னமே அதைவிட அதிக காலம் சென்றிருக்கும். இந்தக் காலத்தை எந்த பட்ஜெட்டிலும் ஒதுக்கிக் கொடுக்க முடியாது.

இதற்கு நம் நாட்டில் மிகத் தெளிவான சாட்சி ஆனைமலையில் வாழும் இருவாட்சிப் பறவை. அதன் அலகு எவ்வளவு பெரிதாயினும் மரத்தைக் குடைந்து பொந்து செய்ய அதற்குச் சக்தி இல்லை; தானாக உண்டான பொந்தையே தேடிப் போகவேண்டும். பெட்டை உள்ளே புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது; அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். உள்ளே இருக்கும் பல வாரங்களும் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவையே ஆலம்பழமும் அத்திப்பழமும் கொண்டுவந்து ஊட்டவேண்டும். பொந்துள்ள மரத்தை வெட்டினால் அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீடு இல்லை. பக்கத்திலேயே ஆயிரம் தைல மரங்கள் நின்றாலும் அவற்றில் பொந்தும் இல்லை, பழமும் இல்லை. வெள்ளைக்காரர் காலம் முதல் தேயிலைக்காக ஆனைமலைக் காடுகள் அழிக்கப்பட்டதால், வால்பாறையைச் சுற்றி மிஞ்சிய காட்டுத் துண்டுகளைத் திரும்ப வளர்ப்பதற்கு இயற்கை ஆராய்ச்சியாளர்கள் சென்ற இருபது வருஷங்களுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள். ஒரு நாளில் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர ஓர் ஆயுள் போதவில்லை என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கல்வராயனுக்குத் திரும்புவோம். கிழக்கு மலைத் தொடரில் வாழும் மலை அணில் நிலத்துக்கு அதிகமாக இறங்குவதில்லை. கிளைக்குக் கிளை தாவியே உணவு தேடும். உயரத்தில் கிளைகள் கோத்த இடத்தில் கூடு கட்டும். நடுவே பத்து மரம் போனால் அதற்குப் பாதை போயிற்று. தேவாங்கு முட்காட்டிலும் வாழக்கூடிய பிராணிதான்; ஆயினும் அதற்குத் தாவத் தெரியாது; ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றொரு கிளையை எட்டவேண்டும். கரடிக்குத் தேனும் புற்றும் அத்திப்பழமும் வேண்டும். மற்ற மரங்கள் வெறுமையாய் நிற்கும் மாதங்களிலும் ஏதாவது ஓர் ஆலோ அத்தியோ பழுத்து நிற்பதால்தான் காட்டில் பட்டினி இல்லை. அப்படிப் பழுத்து உதவுபவை பெரும்பாலும் முதிர்ந்த மரங்களே.

சர்க்காருக்கு மனம் வந்தால் வழியும் வரும் என்பதற்கு அத்தாட்சி இல்லாமலில்லை. 2022-ஆம் வருஷம் அக்டோபரில் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குகளுக்கென்றே கடவூர் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அது முதலாவது. 'தேவாங்கு' என்று ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்த நாட்டில் இது சாமானிய விஷயம் அல்ல. அதற்காக அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் கணக்கு இருக்கிறதே, அதுதான் விபரீதம். தேசத்தின் காடுகளை அளக்கும் இந்திய வன அளவை இலாகா, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நூற்றுக்கு 10 பங்கு மர நிழல் இருந்தால் அதைக் 'காட்டுப் போர்வை' என்று எழுதிக்கொள்கிறது. மரம் எந்த ஜாதி, நிலம் யாருடையது, வயது என்ன என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் காடு, தைலமரத் தோட்டமும் காடு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டமும் காடு. நிழலின் அடர்த்தியை மட்டும் வகைப்படுத்துகிறார்கள். ஆகவே வெள்ளிமலையில் இருநூறு வருஷக் காடு ஒன்று போய், சமவெளியில் அதே அளவுக்குத் தோப்பு ஒன்று வந்தால், கணக்கில் நஷ்டம் தெரியாது. சர்க்கார் அறிக்கையில் காடு குறையவில்லை என்று எழுதியிருக்கும். எழுதியது பொய்யும் ஆகாது. மலை அணிலுக்கு மட்டும் அறிக்கை வாசிக்கத் தெரியாது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்று அறிய விரும்புகிறவர்கள் பெரிய நிக்கோபார் தீவைப் பார்க்கவேண்டும். அங்கே துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டுவதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை விட்டுக்கொடுக்க இந்திய சர்க்கார் 2022-இல் சம்மதித்தார்கள். வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று அவர்களே பார்லிமெண்டில் சொன்னார்கள். அதற்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுத்த இடம் எது? ஹரியானா! கடல் நடுவே மழைக்காட்டில் வாழும் பறவைக்கு வட இந்தியாவின் வறண்ட நிலத்தில் நஷ்ட ஈடு. வக்கீல் தொழிலில் எத்தனையோ விசித்திரமான நஷ்ட ஈட்டு வழக்குகளை நாம் பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சட்டத்தின் நிலையையும் வாசகர்கள் அறிந்திருக்கவேண்டும். 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய சர்க்காரின் முன் அனுமதி இன்றிக் காட்டை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. எது காடு என்ற கேள்விக்கு, 1996-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் பதில் சொன்னார்கள்: அகராதியில் காடு என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அதுவே சட்டத்துக்கும் பொருள், பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி. 2023-இல் பார்லிமெண்டார் சட்டத்தைத் திருத்தி, சர்க்கார் தஸ்தாவேஜுகளில் காடு என்று பதிந்த நிலத்துக்கே பாதுகாப்பு என்று சுருக்கிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, பழைய பொருளையே அனுசரித்து வரும்படி இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி இருநூறு வருஷ மரம் எவ்வளவு நாள் நிற்கும்? கல்வராயன் போன்ற மலைகளில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்கே மூன்று ஜாகீர்தார்களின் அதிகாரம் 1976 வரையில் நடந்து, அதன் பிறகே சர்க்கார் நேரடியாக வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஜாகீர் கணக்கில் கிடந்த மலையில் எந்தக் காடு எந்தத் தஸ்தாவேஜில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சர்வே எண்ணுக்குச் சர்வே எண் பார்த்துப் பகிரங்கப்படுத்தவேண்டியது கலெக்டரின் கடமை.

மலைக்காட்டை அழித்தது யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மலைவாசியின் மேல் விரல் நீட்டுவது சமவெளி மக்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்வராயனில் வாழும் பழங்குடியினர் தங்களை 'மலையாளிகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினார்கள் என்பது இவர்களுடைய பரம்பரைக் கதை. இந்த ராஜதானியில் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் கேட்டுக் காடுகளை மொட்டையடித்தவர்கள் இவர்களா? 1820-ஐ ஒட்டிச் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து சேர்வராயன் மலையின் முகத்தையே மாற்றினாரே, அவர் மலையாளியா? ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும் என்பதால் மலைச்சரிவுகள் கிழங்குக் கொல்லைகளாயின. சந்தனக் கட்டையை வாங்கியவர்களும் மலைமேல் இருக்கவில்லை. கடுக்காய் பொறுக்குகிறவருக்குக் கிடைக்கும் காசும், அது தோல் ஷாப்புக்கும் மருந்துக் கடைக்கும் போய்ச் சேரும்போது உள்ள விலையும் வேறு வேறு. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், இப்பத்திரிகையை வாசிக்கும் நம்மில் பலருடைய வீட்டுக் கதவிலும் நிலையிலும் ஏதோ ஒரு மலையின் மூத்த மரம் இருக்கிறது.

மலைவாசியைத் திருடனாக வைத்துக் காட்டைக் காக்க முயன்றதன் பலனையும் இந்நாடு கண்டுவிட்டது. கல்வராயனுக்கு அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வன இலாகாவினரும் போலீஸாரும் ரெவினியூ சிப்பந்திகளும் அந்தக் கிராமத்தில் புகுந்து செய்த கொடுமைகளை இங்கு விவரிக்க மனம் ஒப்பவில்லை. 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். 2011-இல் தர்மபுரிக் கோர்ட்டு, உயிருடன் இருந்த 215 உத்தியோகஸ்தர்களையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. 2023-இல் சென்னை ஹைகோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. நியாயம் கிடைக்க முப்பத்தொரு வருஷம். இது போதாதென்று, 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திர தேசத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களை அனுப்பிய வியாபாரிகள் யாரும் அந்த இருபதில் இல்லை. துப்பாக்கி வைத்துக் காத்த காட்டில் சந்தனமாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட பிறகுதான் கல்வராயன் மலைவாசிகளின் வாழ்க்கை சென்னையின் கண்ணில் பட்டது. ஹைகோர்ட்டார் தாமாகவே வழக்கு எடுத்துக்கொண்டு, அங்கே சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று சர்க்காரைக் கேட்டார்கள். கேட்டது முற்றிலும் நியாயம். பிரசவ வேதனையில் உள்ள ஸ்திரீயை டோலியில் தூக்கி இறக்கவேண்டிய ஊருக்குச் சாலை கூடாது என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது, நமக்கும் வராது. நாம் சொல்வதெல்லாம், சாலைக்கு அளவுக்கல் நடும்போதே மூத்த மரத்துக்கும் ஒரு குறி இடுங்கள் என்பதுதான். நூறு கஜம் வளைந்து போனால் தப்பக்கூடிய ஆலமரத்தை, நேர்கோடு வேண்டும் என்பதற்காக வீழ்த்தும் கண்டிராக்டருக்கு மலைஜனங்கள் நன்றி சொல்லப்போவதில்லை. கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் கலக்கும் வரையில் வழிநெடுகப் பாயும் வயல்களின் சொந்தக்காரர்களும் சொல்லப்போவதில்லை. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெதுவாக ஓடையில் விடுவது அந்த மூத்த காட்டின் மண்தான்.

காட்டுப் பிராணிக்காகப் பேசினால் ஏழையை மறந்துவிட்டதாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே தகராறு பெரிதாக நடந்தது. அங்குள்ள கிழக் காடுகளின் பொந்துகளிலும் முறிந்த மரத்தலைகளிலும் குஞ்சு பொரிக்கும் புள்ளி ஆந்தையை 1990-இல் ஆபத்துக்குள்ளான பிராணி என்று அந்த சர்க்கார் அறிவித்தார்கள். ஒரு கோர்ட்டு 1991-இல் மரம் வெட்டும் ஏலங்களை நிறுத்தியது. "ஆந்தையா, பிழைப்பா?" என்று மரத் தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். 1994-இல் சுமார் 2.4 கோடி ஏக்கர் சர்க்கார் காட்டுக்கு ஒரு திட்டம் வகுத்து ஓரளவு சமாதானம் ஏற்பட்டது. ஆந்தை பிழைத்ததா? இன்றுவரை குறைந்துகொண்டேதான் வருகிறது. கிழக்கேயிருந்து பரவிய வேறோர் ஆந்தையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காட்டில் பெரும்பகுதியை வெட்டித் தீர்த்தபின் விழித்துக்கொண்டவர்களுக்கு இந்த அளவு பலன்தான் கிடைத்தது. அங்கே மரம் வெட்டியவனுக்குக் காடு கூலி கொடுக்கும் இடமாக மட்டுமே இருந்தது. கல்வராயன் மலையாளிக்குக் காடு தேனும் கடுக்காயும் நெல்லிக்காயும் சீயக்காயும் கொடுக்கும் சொத்து. வெட்டினால் அவனுக்கே நஷ்டம். ஆகையால் இங்கே அந்தத் தகராறு வரவேண்டிய அவசியமே இல்லை. வந்தால், அது நாம் வலிய வரவழைத்துக்கொண்டதாகவே இருக்கும்.

பரிகாரம் சட்டப் புஸ்தகத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், தலைமுறையாக அனுபவித்துவரும் நிலத்துக்குத் தனிமனிதருக்குப் பட்டா கொடுப்பதோடு நிற்கவில்லை. கிராமத்தார் வழக்கமாக ஆண்டுவரும் காட்டைத் தாங்களே காக்கவும், வளர்க்கவும், நிர்வகிக்கவும் சமுதாய உரிமை கொடுக்கிறது. காட்டுப் பிராணிகளைக் காக்கும் அதிகாரத்தையும் கடமையையும் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில், புலிக் காப்பகத்தின் உள்ளேயே, சோலிகர் கிராமங்கள் 2011-இல் இவ்வுரிமையைப் பெற்றன. ஒரிஸ்ஸாவில் நியமகிரியை அலுமினியச் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 12 கிராம சபைகளைக் கேட்டார்கள், பன்னிரண்டும் முடியாது என்றன, மலை நிற்கிறது. தமிழ்நாட்டிலோ 2008-இல் பிறந்த ஒரு கோர்ட்டு உத்தரவால் பட்டா கொடுப்பதே தடைப்பட்டு, 2016-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருஷம் வீணாயிற்று. அதன்பின் கழிந்த வருஷங்களுக்குக் கோர்ட்டின்மேல் பழி போட முடியாது.

கள்ளக்குறிச்சி, சேலம் கலெக்டர்களும் வன இலாகாவும் ஒன்றுகூடிக் கல்வராயனில் எஞ்சிய மூத்த காட்டுத் துண்டுகளைக் கிராம சபைகளின் உதவியுடன் எல்லை காட்டி வரைபடத்தில் ஏற்றவேண்டும். அந்த எல்லைக்குள் பட்ட மரம், விழுந்த மரம் உட்பட எதையும் எடுப்பதில்லை என்று எழுத்து மூலமாக உத்தரவிடவேண்டும். உண்ணிச்செடி மண்டிய சரிவுகளில் அதைக் களைவதற்கும், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கும், காவல் பார்ப்பதற்கும் மலையாளி வாலிபர்களுக்கே வருஷம் முழுவதும் சம்பளம் கொடுக்கவேண்டும். பசுமை இயக்கத்தின் பணத்தில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால் பொக்கிஷம் காலியாகிவிடாது. காட்டுப்பன்றி அழித்த மரவள்ளிக்கு நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வரவேண்டும். தன் கொல்லை போனவனிடம் காட்டின் பெருமையைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை.

தேசத் தொண்டர்கள் என்று பெயர் எடுத்திருக்கும் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ஆத்தூர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமுதாயக் காட்டுரிமைக்கு மனுச் செய்ய விதிகளில் 'சி' படிவம் என்று ஒன்று இருக்கிறது. சர்வே பிளானும் செப்புப் பட்டயமும் இல்லாவிட்டால் மனுத் தள்ளப்படும் என்று எவராவது உத்தியோகஸ்தர் சொன்னால் நம்பவேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும், கோயில் இருக்கும் இடமும், முன்னோரைப் புதைத்த இடமும் சட்டப்படி செல்லுபடியாகும் அத்தாட்சிகள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் தினத்தில், அந்தப் படிவத்தைத் தமிழில் எடுத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த பத்துப் பேர் வெள்ளிமலைக்கு ஏறட்டும்.